நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை: எப்படி வேலை செய்கிறது, எப்படி வைக்க வேண்டும்

அப்பாவுக்கு முதல்முறை நெஞ்சுவலி வந்து, ஆஞ்சியோ எடுத்து, வீட்டுக்கு அனுப்பும்போது ஓர் அட்டை மாத்திரையைக் கையில் கொடுத்து "வலி வந்தா நாக்குக்கு அடியில வச்சுக்கோங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குமேல் ஒரு வார்த்தையும் இல்லை. இரண்டு மாதம் கழித்து மாடிப்படி ஏறும்போது வலி வந்தது. அவரும் சொன்னபடியே நாக்குக்கு அடியில் வைத்தார், வைத்த கையோடு ஒரு டம்ளர் தண்ணீரையும் குடித்தார். அரை மணி நேரம் ஆகியும் வலி சரியாக விடவில்லை, மாத்திரை போலி என்று முடிவுகட்டி அட்டையையே தூக்கிப் போட்டுவிட்டார். மாத்திரையில் கோளாறு எதுவும் இல்லை. அது வயிற்றுக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

நான் மருந்துக் கடையில் 14 வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். அப்படியிருந்தும் அப்பாவிடம் "எப்படி வைப்பீங்க, வச்சுக் காட்டுங்க" என்று ஒருநாள்கூட கேட்கவில்லை. அதற்குப் பிறகு கவுண்டரில் இந்த மாத்திரை வாங்க வருகிற எல்லாரிடமும் கேட்க ஆரம்பித்தேன். தண்ணீரோடு முழுங்குகிறவர்கள், மென்று தின்கிறவர்கள், நாக்கின் மேலே வைத்துச் சப்புகிறவர்கள், பல்வலிக்காக ஈறில் வைக்கிறவர்கள் என்று எல்லா வகையும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

முதலில் பாதையைப் புரிந்துகொள்ளுங்கள்

கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்து நாக்கை மேலே தூக்கிப் பாருங்கள். நடுவில் நாக்கைக் கீழே பிடித்துக் கட்டியதுபோல ஒரு மெல்லிய இழை இருக்கும், அதன் இரண்டு பக்கமும் நீலமாக ரத்தக்குழாய் ஓடுவது வெறும் கண்ணுக்கே தெரியும். அவ்வளவு மெல்லிசான தோல் அங்கே. நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வு 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் கனம்தான், கன்னத்தின் உள்பக்கம் 0.5 முதல் 0.8 வரை போகும். மேலண்ணமும் ஈறும் வேறு ரகம்: கடித்து மெல்லும்போது உராய்வு படும் இடங்கள் என்பதால் மேலே உறுதியான ஒரு படலம் கட்டியிருக்கும், மருந்து அதில் லேசில் இறங்காது. எந்த இடத்தில் வைக்கச் சொல்கிறார்கள் என்பதற்குப் பின்னால் இருக்கும் காரணம் இதுதான். ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைத்தாலும் வேறு தோல்.

இனி ரத்தம் போகும் வழி. நாம் முழுங்குகிற மாத்திரை வயிறு, குடல் வழியாக ரத்தத்தில் கலந்ததும் நேராக உடம்பு முழுக்கப் போய்விடாது. குடலிலிருந்து வரும் ரத்தம் முழுவதும் போர்ட்டல் சிரை என்ற பெரிய குழாயில் சேர்ந்து முதலில் கல்லீரலுக்குத்தான் போகும். சுங்கச்சாவடி மாதிரி. கல்லீரல் வெளியிலிருந்து வருகிற ரசாயனங்களை உடைத்துப் போடும் இடம் என்பதால் சில மருந்துகள் அங்கேயே பெரும்பகுதி அழிந்துவிடும். வாயிலிருந்து வரும் ரத்தமோ அந்தப் பக்கமே போகாது. நாக்குச் சிரை, கழுத்துச் சிரை, அங்கிருந்து இதயத்தின் வலப்பக்கம், நுரையீரல், இதயத்தின் இடப்பக்கம், அங்கிருந்து உடம்பு முழுவதும். கல்லீரல் அந்த மருந்தைப் பார்ப்பதற்குள் மருந்து போய்ச் சேரவேண்டிய இடத்தில் சேர்ந்திருக்கும்.

இதற்கு நல்ல உதாரணம் நைட்ரோகிளிசரின். முழுங்கினால் கல்லீரலைத் தாண்டி வருவது மிகமிகக் கொஞ்சம், நாக்குக்கு அடியில் வைத்தால் 1 முதல் 3 நிமிடத்தில் வேலை ஆரம்பிக்கும். நம் ஊரில் அதிகம் புழங்குகிற ஐசோசார்பைடு டைநைட்ரேட், அதாவது எல்லாரும் சார்பிட்ரேட் என்று சொல்கிற மாத்திரை, முழுங்கினால் சுமார் கால்பங்குதான் ரத்தத்துக்கு வரும், அதுவும் மெதுவாக. நாக்குக்கு அடியில் 2 முதல் 5 நிமிடம். நெஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு 3 நிமிடத்துக்கும் 30 நிமிடத்துக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பாதை கண்டுபிடிக்கப்பட்ட கதையும் நாக்கில் ஆரம்பித்ததுதான். 1847-இல் இத்தாலியின் டூரின் நகரத்தில் அஸ்கானியோ சொப்ரேரோ முதல்முதலாக நைட்ரோகிளிசரினைத் தயாரித்தபோது துளியூண்டு நாக்கில் வைத்துப் பார்த்தார், தலை வெடிக்கிற மாதிரி வலித்தது. பிறகு லண்டனில் வில்லியம் மர்ரெல் என்ற மருத்துவர், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே பையிலிருந்த கரைசல் புட்டியின் ஈரமான தக்கையை நாக்கில் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் இதயம் திடும்திடுமென்று அடிக்க ஆரம்பித்தது. தக்கையில் ஒட்டியிருந்த ஈரம் எவ்வளவு இருந்திருக்கும்! அதைப் பின்தொடர்ந்து போய், ஆஞ்சைனா வலிக்கு, அதாவது இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலிக்கு, இது மருந்தாகும் என்று 1879-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். அது உடம்பில் நைட்ரிக் ஆக்சைடாக மாறி ரத்தக்குழாய்களைத் தளர்த்துகிறது என்பது தெரிய இன்னும் நூறு வருடம் ஆனது. நைட்ரிக் ஆக்சைடு பற்றிய ஆராய்ச்சிக்கு 1998-இல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வெடிமருந்தில் சம்பாதித்து அந்தப் பரிசை ஏற்படுத்திய ஆல்ஃபிரெட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் நெஞ்சுவலிக்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தது நைட்ரோகிளிசரின்தான்.

எல்லா மருந்தும் நுழையாது

"அப்படியானால் எல்லா மாத்திரையையும் நாக்குக்கு அடியில் வைத்துவிடலாமே" என்று நிறைய பேர் கேட்கிறார்கள். முடியாது. உள்ளே போவதற்கு மருந்து சின்னதாக இருக்க வேண்டும், கொழுப்பில் ஓரளவு கரைய வேண்டும், ஏனென்றால் சவ்வே கொழுப்புப் படலங்களால் ஆனது. அதே நேரம் எச்சிலிலும் கரைய வேண்டும், கரையாவிட்டால் வில்லை வில்லையாகவே கிடக்கும். அளவும் சில மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வாய்க்குள் இடமும் குறைவு, நேரமும் குறைவு. நாம் கவனிக்காமலே எச்சிலை முழுங்கிக்கொண்டே இருக்கிறோம், ஒருநாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. பாரசிட்டமால் 500 மில்லிகிராமை நாக்குக்கு அடியில் வைத்தால் பாதி கரைவதற்குள் மீதி வயிற்றுக்குப் போய்விடும். இன்சுலின் போன்ற பெரிய புரதங்கள் இந்தச் சவ்வைத் தாண்டுவதே கஷ்டம்.

பி12 வைட்டமினை நாக்குக்கு அடியில் வைக்கும் வில்லையாக விற்கிறார்கள். அதன் மூலக்கூறு நைட்ரோகிளிசரினைவிட ஏறக்குறைய 6 மடங்கு பெரியது. ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், அதே அளவு பி12-ஐ முழுங்கியவர்களுக்கும் நாக்குக்கு அடியில் வைத்தவர்களுக்கும் பலன் ஒரே மாதிரிதான் இருந்தது. வைப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

அட்டையைப் படியுங்கள்

இது வாங்கும்போதே செய்ய வேண்டிய வேலை, வலி வந்தபிறகு அல்ல.

டைநைட்ரேட், மோனோநைட்ரேட் என்று இரண்டு பெயர் இருக்கிறது, கேட்பதற்கு ஒரே மாதிரி இருக்கும், ஒரே இதய மருத்துவரின் சீட்டில் இரண்டுமே இருக்கலாம். டைநைட்ரேட் 5 மில்லிகிராம்தான் அவசரத்துக்கு நாக்குக்கு அடியில் வைப்பது. மோனோநைட்ரேட்டைக் கல்லீரல் முதல்முறையிலேயே உடைத்துவிடாது, முழுங்கினாலே ஏறக்குறைய முழுசாக ரத்தத்துக்கு வந்துவிடும், அதனால் அதைத் தினமும் முழுங்கத்தான் கொடுக்கிறார்கள். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர். என்று இருந்தால் அது மெதுவாகப் பல மணி நேரம் மருந்தை விடுவதற்காகச் செய்தது, அதை நாக்குக்கு அடியிலும் வைக்கக்கூடாது, மெல்லவும் கூடாது. வீட்டில் பெரியவர்கள் எல்லா மாத்திரையையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள். அவசர மாத்திரை மட்டும் தனியாக, அட்டையோடு இருக்கட்டும், மேலே பேனாவால் பெரிதாக "நாக்குக்கு அடியில்" என்று எழுதிவிடுங்கள்.

அப்புறம், பெயருக்குப் பின்னால் எம்.டி. (வாயிலேயே கரைவது) என்று போட்டிருக்கும் மாத்திரை விஷயம். வாந்திக்குக் கொடுக்கும் ஒன்டான்செட்ரான் எம்.டி., சில வலிப்பு, பதற்ற மருந்துகளின் எம்.டி. வகை இவையெல்லாம் வாயில் போட்டதும் கரைந்துவிடும். அதனாலேயே பலரும் இவையும் வாய்த்தோல் வழியாகத்தான் போகின்றன என்று நினைக்கிறார்கள். இல்லை. வாயில் கரைவது மட்டும்தான் வாயில் நடக்கிறது, கரைந்த மருந்து எச்சிலோடு வயிற்றுக்குப் போய்க் குடலில்தான் உறிஞ்சப்படுகிறது. தண்ணீர் இல்லாமல் சாப்பிடலாம், வாந்தி வருகிறவருக்கு முழுங்கக் கஷ்டமாக இருக்காது, அதுதான் லாபம். இவற்றை நாக்கின் மேலே வைத்து, கரைந்ததும் முழுங்கிவிட வேண்டும்.

வைக்கும் முறை

ஏற்கெனவே இதய நோய் இருந்து, இந்த மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுத்தவர்களுக்கு மட்டும் இது.

வலி தொடங்கியதும் செய்துகொண்டிருப்பதை நிறுத்திவிட்டு உட்காருங்கள். நின்றுகொண்டே வைக்க வேண்டாம். இந்த மருந்து ரத்தக்குழாய்களைத் தளர்த்துவதால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், நின்றிருந்தால் கண் இருட்டி விழுந்துவிடுவீர்கள். முழுசாக மல்லாக்கப் படுக்கவும் வேண்டாம், படுத்தால் கால் பக்கத்து ரத்தம் எல்லாம் இதயத்துக்குத் திரும்பி அதன் சுமையைக் கூட்டும். சாய்வு நாற்காலி இருந்தால் நல்லது, இல்லையென்றால் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாலும் போதும்.

வாயில் வெற்றிலையோ மிட்டாயோ சோற்றுப் பருக்கையோ எதுவாக இருந்தாலும் துப்பிவிடுங்கள். வாய் உலர்ந்திருந்தால், பயத்தில் பெரும்பாலும் உலர்ந்துதான் இருக்கும், ஒரு மடக்குத் தண்ணீரால் நனைத்து அந்தத் தண்ணீரை முழுங்கிவிடுங்கள். தண்ணீர் குடிக்க வேண்டிய ஒரே நேரம் இது, மாத்திரை வைப்பதற்கு முன்னால். வயதானவர்களுக்கும், மன அழுத்தத்துக்கோ அடிக்கடி சிறுநீர் போவதைக் கட்டுப்படுத்தவோ மாத்திரை எடுப்பவர்களுக்கும் எச்சில் குறைவாகச் சுரக்கும், அவர்கள் இந்தப் படியை விடவே கூடாது.

இப்போது நாக்கு நுனியை மேலண்ணத்தில் ஒட்டுங்கள். நடு இழைக்கு வலப்பக்கமோ இடப்பக்கமோ, நீல ரத்தக்குழாய் தெரிந்த அந்தக் குழியில் மாத்திரையை வையுங்கள். நாக்கை மெதுவாக இறக்கி வாயை மூடிக்கொள்ளுங்கள்.

பிறகு ஒன்றும் செய்யாதீர்கள். மெல்லாதீர்கள், நாக்கால் உருட்டாதீர்கள், பேசாதீர்கள். சுற்றி இருப்பவர்கள் "எப்படி இருக்கு, எப்படி இருக்கு" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள், பதில் சொல்லப்போனால் எச்சிலோடு மாத்திரையும் தொண்டைக்குப் போகும், கையை மட்டும் காட்டுங்கள். எச்சில் ஊறினால் முடிந்தவரை வாயிலேயே தேக்கி வையுங்கள், அந்த எச்சிலில்தான் இப்போது மருந்து இருக்கிறது. முழுசாகக் கரைந்த பிறகும் சில நிமிடம் எதுவும் குடிக்காமல், வாய் கொப்பளிக்காமல் இருங்கள். சிகரெட் பக்கம் போகவே கூடாது, புகை ரத்தக்குழாய்களைச் சுருக்கும்.

மாத்திரை வைத்த நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், உங்களால் முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். 5 நிமிடத்தில் வலி குறையவில்லை என்றாலோ கூடுகிறது என்றாலோ உடனே ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும், தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. ஆம்புலன்ஸ் வரும்வரை, மருத்துவர் உங்களுக்கு முன்பே அப்படிச் சொல்லியிருந்தால், 5 நிமிட இடைவெளியில் இரண்டாவது, மூன்றாவது மாத்திரை வைக்கலாம், மூன்றுக்கு மேல் கூடாது. மூன்றையும் முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று காத்திருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தில் இதயத்தசை செத்துக்கொண்டிருக்கலாம்.

தலைவலி வரும், முகம் சூடாகும். அது மருந்து உள்ளே போய்விட்டது என்பதற்கான அடையாளம், பயப்பட வேண்டாம். ஆனால் தலைவலியோ நாக்கில் சுறுசுறுவென்ற உணர்வோ வரவில்லை என்பதால் மாத்திரை வேலை செய்யவில்லை என்றும் முடிவுகட்டக்கூடாது, சிலருக்கு இரண்டுமே வராது. வலி முழுசாகப் போய்த் தலை மட்டும் சுற்றுகிறது, மாத்திரை இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது என்றால் மிச்சத்தைத் துப்பிவிடலாம். முழுங்கிய மாத்திரையை இப்படித் திரும்ப எடுக்க முடியாது, நாக்குக்கு அடியில் வைப்பதில் இருக்கும் ஒரு நல்ல வசதி இது.

மாத்திரைக்குப் பதிலாக நைட்ரோகிளிசரின் ஸ்பிரே வைத்திருப்பவர்கள் நாக்கைத் தூக்கி அடியில் அடிக்க வேண்டும், அடிக்கும்போது மூச்சை இழுக்கக் கூடாது. இன்ஹேலர் பழகியவர்கள் அடித்ததும் பழக்கத்தில் இழுத்துவிடுகிறார்கள்.

யாருக்கு வைக்கவே கூடாது

மனது கனத்துத்தான் இதை எழுதுகிறேன். யாருக்கு நெஞ்சுவலி என்றாலும் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து தன் சார்பிட்ரேட்டை அவர் வாயில் வைக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் ரத்த அழுத்தம் ஏற்கெனவே இறங்கியிருப்பவருக்கு இதை வைத்தால் இன்னும் இறங்கி, இதயத்துக்கே ரத்தம் போகாமல் ஆகலாம். இதயத்தின் வலப்பக்கத்தைப் பாதிக்கும் மாரடைப்பு ஒன்று உண்டு, அதில் இந்த மருந்து ஆபத்து, ஈசிஜி எடுக்காமல் வெளியிலிருந்து பார்த்து அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. பெருந்தமனி வால்வு மிகவும் சுருங்கியிருப்பவர்களுக்கும் அப்படித்தான்.

இன்னொன்று, கூச்சத்தால் யாரும் சொல்லாதது. ஆண்மைக் குறைவுக்கு சில்டெனாஃபில் எடுத்திருந்தால் 24 மணி நேரத்துக்கும், டாடலாஃபில் எடுத்திருந்தால் 48 மணி நேரத்துக்கும் இந்த மாத்திரை கூடவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிர்போகும் அளவுக்கு இறங்கும். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாமல் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் ஆம்புலன்சில் வருகிறவரிடமாவது அதைச் சொல்லிவிடுங்கள். அவர் உங்களைத் தப்பாக நினைக்க மாட்டார்.

மாரடைப்பு என்று சந்தேகப்படும்போது ஆஸ்பிரினை மென்று முழுங்கச் சொல்வார்கள். அது வேறு கணக்கு: மென்றால் சீக்கிரம் கரைந்து வயிற்றிலும் குடலிலும் சீக்கிரம் உறிஞ்சப்படும், வாய்த்தோலுக்கு அதில் வேலை இல்லை. நாக்குக்கு அடியிலோ, பல்வலிக்கு ஈறிலோ ஆஸ்பிரினை ஒதுக்கி வைத்தால் அது அமிலம், தோல் வெள்ளையாக வெந்துபோகும்.

கன்னத்தில் வைப்பவை

கன்னத்துக்கும் கீழ் ஈறுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் இரண்டாவது வாசல். நாக்குக்கு அடியைவிடத் தோல் தடிமன், அதனால் மருந்து கொஞ்சம் மெதுவாகப் போகும், ஆனால் எச்சில் அங்கே அவ்வளவு அடித்துப் போகாது, பொருள் நகராமல் இருக்கும்.

வலிப்பு நிற்காத பிள்ளைகளுக்கு மிடாசோலம் திரவத்தை இங்கே விடுவது பல நாடுகளில் வழக்கம், நம் ஊரில் மூக்கில் அடிக்கும் வகையைத்தான் அதிகம் கொடுக்கிறார்கள். மருத்துவர் கன்னத்தில் விடும் வகையைக் கொடுத்திருந்தால்: வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால், பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஊசியில்லாத சிரிஞ்சின் நுனியைக் கன்னத்துக்கும் கீழ் ஈறுக்கும் நடுவில் நுழைத்து, மெதுவாக, மிக மெதுவாக விடுங்கள். அளவு அதிகம் என்றால் பாதி ஒரு பக்கம், பாதி மறுபக்கம். பிறகு வெளியிலிருந்து கன்னத்தை லேசாகத் தேய்த்துவிடுங்கள். பற்களைப் பிளந்து உள்ளே ஊற்ற வேண்டாம், ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். பல் கிட்டியிருந்தாலும் இந்தப் பள்ளம் திறந்தே இருக்கும், அதற்காகத்தான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, வாயில் கரண்டி வைப்பது இரண்டும் வேண்டாம்.

போதைப் பழக்கத்திலிருந்து மீள எடுக்கும் ப்யூப்ரினார்ஃபின் நாக்குக்கு அடியில்தான் வைப்பது, ஆனால் பொறுமை அதிகம் தேவை: முழுசாகக் கரைய 5 முதல் 10 நிமிடம் ஆகும். பாதியில் முழுங்கினால் பாதி மருந்து வீண், அன்றைக்கு உடம்பு முறுக்கினால் "டோஸ் போதவில்லை" என்று தோன்றும். நீண்ட நாள் எடுப்பவர்களுக்குப் பல் கெடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 ஜனவரியில் எச்சரித்தது. கரைந்து முடிந்ததும் நிறைய தண்ணீர் எடுத்து வாயில் சுழற்றி முழுங்குங்கள், அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பல் துலக்காதீர்கள். மீண்டுவர இவ்வளவு பாடுபடுகிறவர்களுக்குப் பல்லும் மிச்சம் இருக்க வேண்டும்.

மனநோய்க்குக் கொடுக்கும் அசெனபின் இன்னும் கண்டிப்பானது. நாக்குக்கு அடியில் வைத்தால் 35 சதவீதம் ரத்தத்துக்கு வரும், முழுங்கினால் 2 சதவீதத்துக்கும் கீழே. வைத்தபின் 10 நிமிடம் சாப்பாடும் தண்ணீரும் கூடாது. மருந்தை ஒழுங்காகக் கொடுத்தும் குணம் தெரியவில்லை என்று கவலைப்படும் குடும்பத்தார், டோஸைப் பற்றிப் பேசுவதற்குமுன் அந்த 10 நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்.

சுண்ணாம்பும் காப்பியும்

புகையிலையை விடுவதற்காக நிகோடின் சூயிங்கம் வாங்குகிறவர்கள் அதைச் சாதாரண கம் மாதிரி விடாமல் மெல்லுகிறார்கள். அப்படிச் செய்தால் நிகோடின் வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும்தான் வரும். சில தடவை மெதுவாக மெல்லுங்கள், காரமாக, சுறுசுறுவென்று தெரிந்ததும் நிறுத்திக் கன்னத்தில் ஒதுக்கிவிடுங்கள். சுறுசுறுப்பு அடங்கியதும் திரும்ப மெல்லுங்கள், இந்தமுறை வேறு பக்கம் ஒதுக்குங்கள். சுமார் அரை மணி நேரம் இப்படி. அதற்கு 15 நிமிடம் முன்பிருந்து காப்பி, சோடா, பழச்சாறு எதுவும் வேண்டாம்.

ஏன் காப்பி வேண்டாம் என்பதற்குள் இந்த விஷயத்தின் முக்கியமான நுட்பம் ஒன்று இருக்கிறது. நிகோடின் ஒரு காரப்பொருள், நாக்கில் எரியும் காரம் அல்ல, வேதியியலில் அமிலத்துக்கு எதிர்வகை. சுற்றிலும் அமிலம் இருந்தால் அது மின்னேற்றம் பெற்றுவிடும், மின்னேற்றம் உள்ள மூலக்கூறு கொழுப்புச் சவ்வைத் தாண்டாது. எச்சிலின் பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் எண், கூடக்கூடக் காரம்) 7 என்றால் நிகோடினில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் தாண்டக்கூடிய வடிவில் இருக்கும், 9 என்றால் பத்தில் ஒன்பது பங்கு. அதனால்தான் கம் தயாரிப்பவர்கள் அதில் காரப்பொருள் சேர்க்கிறார்கள், காப்பியின் அமிலம் அதைக் கெடுக்கிறது.

இதே வேலையைத்தான் நம் ஊரில் சுண்ணாம்பு காலம்காலமாகச் செய்துவருகிறது. புகையிலையை உள்ளங்கையில் வைத்துச் சுண்ணாம்பு போட்டுக் கசக்குகிறவருக்கு வேதியியல் தெரியாது, "அப்பத்தான் சுர்ருன்னு ஏறும்" என்பது தெரியும். தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் கோக்கா இலையோடு சுண்ணாம்போ சாம்பலோ சேர்த்துக் கன்னத்தில் அடக்குவதும் இதற்கே. ஆனால் வேகமாக ஏறுவது வேகமாக அடிமையாக்கும், கூடவே சுண்ணாம்பு தோலை அரிக்கும். பாக்கை நாள் முழுக்க அடக்குகிறவர்களுக்குக் கன்னத்தின் உள்தோல் நார்போல இறுகி வாய் திறப்பே சுருங்கிப்போகும், இரண்டு விரல்கூட நுழையாத நிலையில் வந்த இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை இல்லாத தாம்பூலமும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்றே வகைப்படுத்தியது. இதய மாத்திரை வைக்கும் இடத்துக்குப் பக்கத்துத் தோல்தான் இதுவும். மருந்தை எவ்வளவு சுலபமாக உள்ளே விடுகிறதோ, மற்றதையும் அப்படித்தான் விடும்.

விட்டுவிட வேண்டிய பழைய வழக்கங்கள்

ரத்த அழுத்தம் 200-க்குப் போய்விட்டது என்று நிஃபெடிபின் கேப்சூலைக் கடித்து நாக்குக்கு அடியில் விடுவது ஒருகாலத்தில் மருத்துவமனைகளிலேயே நடந்தது. பிறகு அளந்து பார்த்தால் அது வாய்த்தோலில் உறிஞ்சப்படவே இல்லை, எச்சிலோடு முழுங்கப்பட்டுக் குடலிலிருந்துதான் ஏறியிருக்கிறது. அதுவும் அழுத்தத்தை எவ்வளவு இறக்கும் என்று கணிக்க முடியாதபடி இறக்கி, சிலருக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் வந்தன. 1996-இல் ஜாமா மருத்துவ இதழில் இதை நிறுத்தச் சொல்லியே கட்டுரை வந்தது. வீட்டில் யாராவது இன்னும் இந்த யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

சர்க்கரை இறங்கி மயங்கியவரின் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றுவதும் அப்படித்தான். நினைவு இருந்து, முழுங்க முடிந்தால் குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ குடிக்கக் கொடுங்கள், குடலில்தான் அது வேகமாக ஏறும். நினைவில்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

எங்கே வைத்திருப்பது

கண்ணாடிப் புட்டியில் வரும் நைட்ரோகிளிசரின் மாத்திரை காற்றில் ஆவியாகிவிடும், பிளாஸ்டிக்கும் அதை உறிஞ்சிக்கொள்ளும். அதை அதே புட்டியில், மூடியை இறுக்கி வையுங்கள், பஞ்சு அடைக்காதீர்கள், வாரநாள் பெட்டியில் பிரித்துப் போடாதீர்கள். அட்டையில் வரும் டைநைட்ரேட் அவ்வளவு நுணுக்கமானதல்ல, ஆனால் அட்டையிலிருந்து முன்பே பிதுக்கி எடுத்துச் சட்டைப் பையில் காகிதத்தில் மடித்து வைத்திருந்தால் வேர்வையும் சூடும் பட்டு மாவாகிவிடும். இரண்டு மாத்திரையை அட்டையோடு கத்தரித்து எடுத்துக்கொண்டால், காலாவதித் தேதி இருக்கும் மூலையை விட்டுவிடாமல் கத்தரியுங்கள். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு, குளியலறை, அடுப்பு மேடை எதுவும் வேண்டாம். இரவில் தலைமாட்டில் கைக்கு எட்டும் இடம் ஒன்று, வெளியே போகும்போது பையில் ஒன்று.

கடைசியாக ஒரு சின்ன யோசனை, வலி இல்லாத நாளில் ஒத்திகை பாருங்கள். சர்க்கரை நோய் இல்லாதவர்கள் ஒரு மிளகு அளவு கற்கண்டை எடுத்து, உட்கார்ந்து, நாக்கைத் தூக்கி, அந்த இடத்தில் வைத்து, முழுங்காமல், பேசாமல் 3 நிமிடம் இருந்து பாருங்கள். மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்பதும், எச்சிலை முழுங்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதும் அப்போது தெரியும். அப்பா முதல்முறை ஒரு நிமிடத்தில் முழுங்கிவிட்டார். நாலாவது தடவை சரியாக வந்தது. அடுத்த வருடம் கோயில் பிரகாரத்தில் வலி வந்தபோது தூணில் சாய்ந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்துக் கையை மட்டும் காட்டினார். கடிகாரத்தை நான் பார்த்துக்கொண்டேன், நாலு நிமிடத்தில் வலி விட்டது.